அவன் கொடுத்த ஷிப்ட்

ஓசூரில் நாங்கள் குடியிருந்த லேஅவுட்டில் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடம் ஒன்று இருந்தது. வரைபடத்தில் மட்டும்தான் அது பூங்கா. நேரில் போய்ப் பார்த்தால் இடுப்பளவு பார்த்தீனியச் செடியும், வீடு கட்டியவர்கள் கொட்டிவிட்டுப் போன செங்கல் துண்டும், அதற்கு நடுவில் பன்றிகளும் இருக்கும். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த இடத்தைச் சுத்தம் செய்து பூப்பந்து மைதானம் ஆக்கலாம் என்று முதலில் சொன்னவன் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு காலத்தில் பெருமை இருந்தது.

பூப்பந்து என்றதும் இறகுப்பந்தா என்று கேட்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். இது மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர். கூரை வேண்டாம், மண் தரை போதும். காற்று அடித்தால் பந்து எங்கே போகும் என்று கணித்து ஆட வேண்டும், அதில்தான் ருசியே இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆடியவன் நான். வேலை தேடி ஓசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையின் கிரைண்டிங் பிரிவில் பெர்மனென்ட் ஆகி, கல்யாணமும் முடிந்து, எல்லாம் ஒரு நிலைக்கு வந்தபிறகு கை துறுதுறுக்க ஆரம்பித்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை செடி பிடுங்க வந்தவர்கள் நாலே பேர். நான், எங்கள் பிரிவின் சூப்பர்வைசர், பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருந்த ஒருவர், பிறகு பாரூர்க்காரன். பாரூர்க்காரன் எங்கள் பிரிவிலேயே காண்ட்ராக்டில் வேலை செய்தவன். என்னைவிட ஆறேழு வயது சின்னவன். பாரூர் ஏரிப் பாசனத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் வயல், அதில் அண்ணன் தம்பி மூன்று பேர் என்பதால் இவன் ஓசூருக்கு வந்துவிட்டான். பூப்பந்து என்ற ஒன்றை அவன் அதுவரை பார்த்ததுகூட இல்லை. “ஞாயித்துக்கெழமை சும்மாதானே இருக்கே, வாடே” என்று நான் கூப்பிட்டேன், வந்தான். பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்காதே, அரிக்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. மறுநாள் ஷிப்டில் இரண்டு கையும் தடித்துச் சிவந்து நின்றான். கேட்டதற்கு, “அது ஒண்ணும் இல்லண்ணா, வயல்ல பாக்காததா” என்று சிரித்தான்.

நாங்கள் அமைத்த குழுவில் எனக்குச் செயலாளர் பதவி கிடைத்தது. பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். நன்கொடை கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்க வெட்கப்படாத ஆள் ஒருவன் தேவைப்பட்டான், அவ்வளவுதான். சூப்பர்வைசர் தலைவர். அவர் சேலத்துக்காரர், கல்லூரி அணியில் ஆடியவர், பேச்சுக் குறைவு. பேசி வாங்குகிற வேலை எல்லாம் என் தலையில் விழுந்தது.

மரக்கடை பாயிடம் போய் வலை கட்ட இரண்டு கம்பம் வேண்டும் என்றேன்.

“யாரு பசங்க வெளையாடறதுக்கா?”

“எங்களுக்குத்தான் பாய்.”

பாய் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். “அப்ப நல்லா கெட்டியானதாவே எடுத்துக்குங்க” என்றார். கொடுத்ததோடு நிற்காமல் தன் ஆட்களை விட்டுக் குழி தோண்டி நட்டும் கொடுத்தார். ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி தந்தார், அதில் எட்டுக்குக் கை கிடையாது. பாத்திரக் கடையில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மைதானத்தில் சுவருக்கு எங்கே போவது? புங்க மரத்தில் ஆணி அடித்து மாட்டினோம். மழை வந்தால் ஓடிப்போய்க் கழற்றுவதற்கென்று ஒருவரை நியமித்தோம். கேட்டால் கொடுக்கிறார்கள் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. எதையாவது கொடுத்தவர் மறுவாரம் அது என்ன ஆயிற்று என்று பார்க்க வருவார், பார்க்க வந்தவர் மட்டையைப் பிடித்துப் பார்ப்பார். அப்படித்தான் கூட்டம் சேர்ந்தது.

வேலையை ஷிப்ட் கணக்கில் பிரித்துக்கொண்டோம். முதல் ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு வெளியே வருகிறவர்கள் தண்ணீர் தெளித்துத் தரையை இறுக்குவார்கள். ஜெனரல் ஷிப்ட்காரர்கள் வலை கட்டுவார்கள். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வருகிறவர்கள் தூங்கப் போகும் முன் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். ஒரு வருடத்தில் முப்பது பேருக்கு மேல் ஆகிவிட்டோம். பேரிகைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தெலுங்கு, எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கன்னடம். பந்து வந்தால் ‘அடி’ என்று ஒருவன், ‘ஹொடி’ என்று ஒருவன், ‘கொட்டு’ என்று ஒருவன் கத்துவான். மூன்றையும் கேட்டுக் குழம்பி அடிக்காமல் விட்டவனை மூன்று பாஷையிலும் திட்டுவோம்.

இதற்கு நடுவில் எங்களுக்கு மட்டுமே உரிய ஒரு வழக்கம் உண்டானது. அதைத் தொடங்கி வைத்தவன் பாரூர்க்காரன். மட்டைகளுக்கு நரம்பு மாற்ற எல்லோரும் தங்களால் முடிந்ததைத் தர வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டு வந்தபோது அவன் தலையைச் சொறிந்தான். காண்ட்ராக்ட் சம்பளத்தில் அறை வாடகை, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக அவனிடம் ஒன்றும் மிஞ்சாது.

“பணம் இல்லண்ணா. வேணும்னா ஒரு ஷிப்ட் தர்றேன்.”

எல்லோரும் சிரித்தோம். சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மாதம் தர்மபுரியில் ஒரு போட்டி இருந்தது. எனக்கு அன்று டூட்டி, விடுப்பு கிடைக்கவில்லை. அவன் என் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் கார்டை பஞ்ச் செய்து, என் இயந்திரத்தில் நின்றான். காண்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை, பெர்மனென்ட் ஆட்களுக்கு நீலம். ஷிப்ட் மாறும் நேரத்தில் நூறு நீலச் சட்டை உள்ளே போகும்போது கேட் செக்யூரிட்டி யார் முகத்தைப் பார்க்கப் போகிறார்? உள்ளே பார்க்க வேண்டிய சூப்பர்வைசர் எங்கள் தலைவர். அவர் பார்க்காமல் இருந்தார்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. அணியில் ஆடுகிறவனுக்கு டூட்டி விழுந்தால் ஆடாதவன் ஷிப்ட் கொடுப்பான். அதிகம் கொடுத்தவன் பாரூர்க்காரன்தான். அவனுக்குத் தோள் பலம் உண்டு, ஆட்டத்தில் சூது கிடையாது. நேராக அடிப்பான், நேராக வாங்குவான். அணியில் எட்டாவது ஆள், ஒன்பதாவது ஆள் என்று இருந்தானே தவிர ஐந்துக்குள் வரவில்லை. அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. நீலச் சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டும்போது மட்டும் ஒருமுறை, “இத எனக்கே எப்பண்ணா குடுப்பாங்க?” என்றான். அடுத்த லிஸ்டில் வந்துவிடும் என்றேன். எனக்கு என்ன தெரியும்? சும்மா சொன்னேன்.

அடுத்த வருடம் அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண்ணும் பாரூர் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்தான். ஓசூரில் தனி வீடு எடுக்க வசதி இல்லாததால் அவள் பெற்றோர் வீட்டிலேயே இருந்தாள். இவன் ஞாயிறு தோறும் முதல் பஸ் பிடித்துப் போய் இரவு திரும்புவான். சில மாதத்தில் அவள் உண்டாகியிருக்கிறாள் என்று மைதானத்துக்கே மிட்டாய் வாங்கி வந்தான். எங்கள் தொழிற்சாலை கேட்டின் தொலைபேசி எண்ணை மாமனார் வீட்டு காலண்டரில் எழுதிவைத்துவிட்டு வந்ததாகச் சொன்னான்.

கிருஷ்ணகிரியில் அந்தப் போட்டி வந்தது. ஓசூர், தர்மபுரி, சேலம் என்று பல ஊர் அணிகள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடியும் போட்டி. நாங்கள் அதுவரை எதிலும் கோப்பை வாங்கியதில்லை. நன்கொடை கேட்கப் போகும் இடங்களில் “இவ்ளோ செலவு பண்றீங்களே, எதுனா ஜெயிச்சீங்களா?” என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் கேள்வி என்னை அறுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஆர்டர் அவசரம் என்று தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் போட்டார்கள். முதல் ஷிப்டில் என் பெயர் இருந்தது.

பாரூர்க்காரனுக்கு அன்று வாராந்திர விடுமுறை. பெண்டாட்டிக்கு ஏழாவது மாதம், போய்ப் பார்க்க வேண்டிய நாள். நான் கேட்டேன். அவன் ஒரு நிமிடம் யோசித்தான்.

“அடுத்த வாரம் போய்க்கறண்ணா. நீங்க சென்டர்ல இல்லன்னா டீமே இல்ல.”

மாமனார் ஊரில் போன் இருந்த வீட்டுக்குக் கூப்பிட்டு, டூட்டி இருக்கிறது, இந்த வாரம் வர முடியாது என்று சொல்லச் சொன்னான். அது ஒரு வகையில் உண்மைதான். டூட்டி அவனுடையது இல்லை, என்னுடையது.

கிருஷ்ணகிரியில் அன்று காலையிலிருந்து நான் ஆடிய ஆட்டம் மாதிரி வாழ்நாளில் ஆடியதில்லை. அரை இறுதியை நேராக இரண்டு செட்டில் முடித்தோம். இறுதி ஆட்டம் சேலம் அணியோடு. முதல் செட் அவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவது செட்டுக்கு முன் கொஞ்சம் இடைவேளை விட்டார்கள். நான் தண்ணீர் குடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றேன். லுங்கியும் தோளில் துண்டுமாக ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். இருபது வயது இருக்கும். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

“நீங்க ஓசூரு டீமுங்களா? எங்க மாமா உங்க கூடத்தான் ஆடுவாரு. வந்துகிறாருங்களா?” என்று பாரூர்க்காரனின் பெயரைச் சொன்னார். அவனுடைய மச்சினன்.

“அவன் இங்கே வரலையே. டூட்டிக்குப் போயிருக்கான்” என்றேன்.

“கேட்டுக்குப் போன் பண்ணி கேட்டோங்க. இன்னிக்கு அவருக்கு லீவு, உள்ள வரவே இல்லன்னு சொல்றாங்க. அதான் இங்க இருப்பாரோன்னு ஓடியாந்தேன். அக்காவுக்கு காலைல வலி எடுத்துடுச்சு. இங்கதான் ஆஸ்பத்திரில சேத்துகிறோம். ஆம்பளப் புள்ள பொறந்துகிது. ஏழு மாசத்துப் புள்ள. தகப்பன் வந்து ஒருக்கா பாத்துக்கட்டும்னு நர்சம்மா சொல்றாங்க.”

கேட்டில் ஏன் இல்லை என்று சொன்னார்கள் என்பது அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. அவன் கார்டு பஞ்ச் ஆகவில்லை. உள்ளே இருப்பது என் பெயர்.

இதற்கு மேல் எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. மைதானத்துக்கு வெளியே ரோட்டோரம் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அதன் கண்ணாடிக் கதவு தெரிந்தது. அங்கே போய் கேட் நம்பரைச் சுழற்றி, என் பெயரைச் சொல்லி, அவரை போனுக்குக் கூப்பிடுங்கள் என்று கேட்டிருந்தால் போதும். என் பெயருக்கு அவன்தான் வந்து நின்றிருப்பான். விஷயம் தெரிந்தால், உள்ளே டூட்டியில் இருந்த சூப்பர்வைசர் அடுத்த நிமிடம் அவனை அனுப்பியிருப்பார். யாருக்கும் வேலை போயிருக்காது. வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் அதைச் செய்யாமல் விடவில்லை. நடுவர் விசில் ஊதிவிட்டார். செட் போய்விடும் என்றுதான் விட்டேன்.

“எங்கேயாவது வெளியே போயிருப்பான். சாயங்காலத்துக்குள்ள வந்துருவான். நான் பார்த்தா சொல்லி அனுப்புறேன்” என்றேன். அவர் என்னை நம்பாமலும் நம்பியும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது செட்டில் ஆட்டம் இழுத்தது. நடுவில் ஒருமுறைகூட எனக்கு அந்த நினைவு வரவில்லை என்று சொன்னால் பொய். இருபது புள்ளி தாண்டியபோது வந்தது. ஏழு மாதம் என்றாரே என்று நினைத்தேன். அடுத்த பந்து என் முகத்துக்கு நேராக வந்தது, அடித்தேன், போய்விட்டது. இரண்டு புள்ளியில் ஜெயித்தோம். என்னைத் தூக்கினார்கள். கோப்பையைக் கொடுக்க வேண்டிய பிரமுகர் மத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவருக்காகக் காத்திருந்தோம். அப்போதும் பூத் அங்கேயேதான் இருந்தது. மணி இரண்டரை ஆகிவிட்டது, இனி மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்து அவனே வெளியே வந்துவிடுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரி அங்கிருந்து நடக்கிற தூரம்தான். நானாவது போய்ப் பார்த்திருக்கலாம். கோப்பையோடு போட்டோவுக்கு நின்றேன்.

மூன்று மணி சுமாருக்குக் குழந்தை போய்விட்டது. பாரூர்க்காரன் ஷிப்ட் முடித்து அறைக்கு வந்தபோது வீட்டு உரிமையாளர் சேதி சொல்லியிருக்கிறார். பஸ் பிடித்து அவன் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் ஆறு மணி நெருங்கிவிட்டது. பச்சைக் குழந்தையை வைத்திருக்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் புதைக்க வேண்டும் என்று ஊருக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அவன் பாரூர் போய்ச் சேர்ந்தபோது மண் மூடி, மேலே முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். மகன் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

பதினைந்து நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தான். என் நீலச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தான். என் மனைவி காபி கொடுத்தாள், குடித்தான்.

“எங்க போயிருந்தேன்னு கேக்கறாங்கண்ணா. கேட்ல இல்லன்னுட்டாங்க, கிரவுண்டுல இல்லன்னுட்டாங்க. ஓசூர்ல வேற ஒருத்திய வச்சுகினு இருக்கேன்னு மாமனார் ஊரு பூரா சொல்லிகினு இருக்காரு.”

“உண்மையைச் சொல்லிற வேண்டியதுதானே?” என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

“சொன்னா அது கம்பெனிக்குப் போவும்ணா. நம்ம செக்சன்ல பாதிப் பேரு எங்க ஊரு பக்கம். உங்களுக்கும் சாருக்கும் வேல போயிடும். வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொன்னேன்.” காலி டம்ளரைத் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான்: “மச்சான் கிரவுண்டுக்கு வந்தானாம். யாரோ ஒருத்தரு நான் வரலன்னு சொல்லிட்டாராம். உங்க காதுல உழுந்திருந்தா நீங்க விட்டிருப்பீங்களா?”

நான் காகிதப் பொட்டலத்தை எடுத்து அலமாரியில் வைத்தேன். அந்த வாரமே கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

அந்தக் கோப்பை எங்களுக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது. செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் படம் வந்தது. அதைக் காட்டிக்கொண்டு போனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பட்டறை முதலாளி சுற்றிலும் கம்பி வேலி போட்டுக் கொடுத்தார். ஒரு டாக்டர் ஆளுக்கொரு மட்டை வாங்கித் தந்தார். பெண்கள் காலையில் ஆட வந்தார்கள், என் மனைவியும் அதில் ஒருத்தி. ஷிப்ட் கொடுக்கும் வழக்கத்தைச் சூப்பர்வைசர் நிறுத்திவிட்டார். ஏன் என்று யாருக்கும் விளக்கவில்லை. ஆனால் மச்சினன் என்னிடம்தான் வந்து கேட்டார் என்பது அவருக்கும் தெரியாது. அணியில் என் பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அவர்களும் கேட்கவில்லை. ஜெயித்த ஆட்டத்தைப் பற்றி யாருக்குத்தான் குறுக்குக் கேள்வி கேட்கத் தோன்றும்?

நான் அதன் பிறகு அணியில் ஆடவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன். நன்கொடை வாங்குவதை மட்டும் விடவில்லை. முன்னைவிட மும்முரமாக அலைந்தேன். ஊரில் பெரிய மனிதன் ஆகிவிட்டேன், போகிற இடமெல்லாம் நாற்காலி போட்டார்கள்.

மூன்று வருடத்தில் இரண்டாவது கோர்ட் தயாரானது. திறப்பு விழாவுக்கு, கொடுத்தவர்கள் பெயரை எல்லாம் ஒரு பலகையில் எழுத வேண்டும் என்று கமிட்டியில் முடிவெடுத்தார்கள். பட்டியலை எழுதும் வேலை எனக்கு. கம்பம் கொடுத்த பாயில் ஆரம்பித்து, கை இல்லாத நாற்காலி கொடுத்தவர் வரை எழுதினேன். பாரூர்க்காரனை எங்கே எழுதுவது, என்ன கொடுத்தான் என்று எழுதுவது? ஒரு மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு பாரூருக்குப் போனேன். விழாவுக்கு அழைக்க என்று வீட்டில் சொன்னேன். உள்ளதைச் சொல்லிவிட்டு வருவது என்று கிளம்பியிருந்தேன்.

ஏரி நிறைந்திருந்த வருடம். அவன் இப்போது பால் கேன் ஏற்றும் வண்டி ஓட்டுகிறான் என்று ஊரில் சொன்னார்கள். வீட்டில் அவன் இல்லை. அவன் மனைவி வாசலில் முறத்தில் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று பக்கத்தில் தூங்கியது. நான் யார் என்று சொன்னதும் எழுந்து பாய் போட்டாள்.

“உக்காருங்கண்ணா. இப்ப வந்துடுவாரு. உங்க பேச்சு பேசாத நாளே கெடையாது.”

அவன் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவன் முகத்தைப் பார்த்தால் முடியாது.

“அன்னைக்கு உன் தம்பி கிரவுண்டுல வந்து கேட்டது என்கிட்டதாம்மா” என்றேன்.

அவள் கை நின்றது.

“எப்ப?”

“ரெண்டாவது செட்டுக்கும் மூணாவது செட்டுக்கும் நடுவுல. பன்னண்டே முக்கால் இருக்கும். நான் ஒரு போன் பண்ணியிருந்தா அவன் ரெண்டு ரெண்டரைக்குள்ள வந்திருப்பான். பண்ணல. ஆடப் போயிட்டேன்.”

அவள் அழுவாள், கத்துவாள், முறத்தைத் தூக்கி எறிவாள் என்றெல்லாம் நினைத்துப் பயந்துதான் போயிருந்தேன். அவள் தூங்கும் குழந்தை மீது உட்கார்ந்த ஈயை ஓட்டினாள்.

“அப்ப உசுரோட இருந்தான்” என்றாள். “எம் பக்கத்துலதான் போட்டிருந்தாங்க. கண்ணத் தொறக்கல. வாய மட்டும் அசைச்சுகினே இருந்தான்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னித்துவிடு என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதைக் கேட்பதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும் என்று அப்போது பட்டது.

“ஜெயிச்சீங்களா?”

“ஜெயிச்சோம்மா.”

“அவருகிட்ட இதச் சொல்லப் போறீங்களா?”

“அதுக்குத்தாம்மா வந்தேன்.”

“வேணாம்.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். “எங்கப்பா செருப்பத் தூக்கினாரு. அப்பக்கூட இவரு உங்களக் காட்டிக் குடுக்கல. அந்த அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்தா மட்டைய வீசிட்டு ஓடியாந்திருப்பாருன்னு இன்னிக்கும் சொல்லிகினு இருக்காரு. அத நெனச்சுத்தான் அவரு மனசு ஆறிகினு வருது. நீங்க சொல்லிட்டு வண்டி ஏறிடுவீங்க. அவரு கூட இருக்கப்போறது நானு.”

“சரிம்மா” என்றேன்.

அவள் மறுபடி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. அவன் இறங்கி என்னைப் பார்த்ததும் ஓட்டமாக வந்தான். இளைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“எப்பண்ணா வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? கோர்ட்டு எப்படி இருக்குது?”

“ரெண்டாவது கோர்ட் போட்டாச்சுடே. ஞாயித்துக்கெழமை திறப்பு. உன்னைக் கூப்பிடத்தான் வந்தேன்.”

“ரெண்டாவதா!” அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “எத்தன பேருண்ணா ஆடறாங்க இப்ப?”

“அறுபது பேர் இருக்கும். பொம்பளைங்களும் வர்றாங்க.”

அவன் மனைவி பக்கம் திரும்பினான். “கேட்டியா? நாலு பேரு செடி புடுங்க ஆரம்பிச்சதுடி. அன்னிக்கு நான் ஷிப்ட் குடுத்தது வீண் போவல பாரு. அண்ணன் விட மாட்டாருன்னு நான் சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க” என்றாள் அவள், அவரைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.